மினுமினுப்பும் மெய்யும்

வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்றால் முன்சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். பின்கட்டில் ஒழுகும் கூரையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். பெருநாளுக்குப் புத்தாடை எடுக்கக் கடன் வாங்குகிறோம். பல்வலிக்கு மருத்துவரிடம் செல்வதை மட்டும் தள்ளிப் போடுகிறோம். கையில் பணம் குறைவாக இருந்தால் அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் செலவிட வேண்டும் என்று யார் நமக்குக் கற்பித்தார்களோ! இந்தப் பழக்கத்துக்கு நாமும் விலக்கல்லோம். இதைப் பற்றி நம்மைச் சிந்திக்க வைத்தது நாற்பதாண்டுப் பழைய மோட்டார் வண்டி ஒன்று. குறைந்த செலவில் அதற்கு வண்ணம் பூசப் புறப்பட்ட கதையை வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் ஊர் மடுகரை. புதுவைப் பிரதேசத்தின் நெட்டப்பாக்கம் கொம்யூனில், விழுப்புரம் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 1954-ஆம் ஆண்டுவரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண். இந்த வரப்பில் நின்றால் பிரெஞ்சு நாடு, அடுத்த வரப்பில் கால் வைத்தால் இந்திய நாடு என்று முதியோர் வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். புதுவை நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இன்று வீட்டுக்கு வீடு இருசக்கர வண்டி நிற்கிறது. அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. 1991-இல் நிலைமை இவ்வாறு இல்லை. கடைசிப் பேருந்து போய்விட்டால் விடியும்வரை ஊர் ஊரோடுதான்.

அந்த 1991-இல் நம் அத்தா அவர்கள் அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினார்கள். 1984-இல் செய்யப்பட்ட மார்க் நான்கு வகை, வேறொருவர் ஏழாண்டுகள் ஓட்டிய வண்டி, பால் நிறம். மளிகைக் கடைக்காரருக்குக் கார் எதற்கு என்று உறவினர் சிலர் கேட்டனர். "பகலில் எனக்கு வேண்டாம், இரவில் யாருக்காவது வேண்டியிருக்கும்" என்பதே அத்தாவின் மறுமொழி. அப்படியே நடந்தது. பேறுகால வலி கண்டவர், பாம்பு தீண்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் என்று எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு அவ்வண்டி நள்ளிரவில் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறது. இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடு அதற்கில்லை. கூலி என்று அத்தா ஒரு காசும் பெற்றதில்லை. பெட்ரோலுக்கு என்று யாராவது வற்புறுத்திக் கொடுத்தால் அதை ஒரு கணக்கு நோட்டில் பெயரோடு எழுதி வைப்பார்கள். அந்த நோட்டைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

அம்பாசிடரை அறியாத இளைய தலைமுறைக்காகச் சில சொற்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் இதைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரே 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சு நாட்டின் பெழோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அமைச்சருக்கும் வாடகைக்கார் ஓட்டுநருக்கும் ஒரே வண்டி என்று இருந்த காலம் ஒன்று உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. ஆதலால் சிற்றூர்ப் பட்டறைகளிலும் அதன் உடற்கூறு அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த உடற்கூற்றில் ஒன்றை மட்டும் இங்கே விளக்க வேண்டும். லாரியைப் போல இதற்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடும், கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற தகட்டுச் சட்டங்களும், கூரையைத் தாங்கும் தூண்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கூடுதான் வண்டிக்கு எலும்பு. பானெட்டில் துரு ஏறினால் அழகு கெடும். கதவுக்குக் கீழுள்ள சட்டத்தில் துரு ஏறினால் எலும்பே உளுத்துப் போகும்.

அத்தா 2016-இல் இறையடி சேர்ந்தார்கள். அதன்பின் வண்டியைக் கிழமைக்கு ஒரு முறை ஓட்டிச் சூடேற்றி வைத்தோமே தவிர, அதன் மேனியைக் கவனிக்கவில்லை. 2024 ஜனவரியில் உற்று நோக்கியபோது மனம் துணுக்குற்றது. கூரையிலும் பானெட்டிலும் பூச்சு வெளுத்துச் சுண்ணாம்பாகி இருந்தது. விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டிற்று. மட்கார்டுகளின் விளிம்பில் கொப்புளங்கள். கதவுகளின் அடியில் பழுப்பு நீர் வழிந்த தடம்.

அவ்வாண்டு ஷவ்வாலில் நம் மூத்த மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அவள் கேட்டது ஒன்றே: "நன்னாவின் வண்டியில்தான் புறப்படுவேன்." சிறுமியாக இருந்தபோது அவ்வண்டியின் பின்னிருக்கையில் அத்தாவின் மடியில் உறங்கியவள் அவள். பதிவுப் புதுப்பித்தலும் அதே ஆண்டில் வந்தது. சொந்தக் காருக்கு முதற்பதிவு 15 ஆண்டுகள். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதிகாரியிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. அதை எடுத்து வைத்தபின், கல்யாணச் செலவுகளுக்கிடையே வண்டிக்கென்று நம்மால் ஒதுக்க முடிந்தது 40,000 ரூபாய். ஒரு ரூபாயும் கூடுதலாக இல்லை.

நகரத்துப் பட்டறை ஒன்றில் கேட்டோம். முழுவேலைக்கு 90,000 ஆகும் என்றனர். வண்டி வாங்கி விற்கும் தரகர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாய், இருபத்தெட்டாயிரம் கொடுங்கள். பத்து நாளில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுக்கிறேன். கல்யாணத்துக்கும் ஆயிற்று. கல்யாணம் முடிந்ததும் ஒன்றேகால் இலட்சத்துக்கு நானே ஆள் கொண்டுவருகிறேன். பழைய வண்டிக்கு இப்போது நல்ல மோகம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறோம், அன்றிரவு நாம் உறங்கவில்லை. ஒன்றேகால் இலட்சம்! மண்டபத்துக்கும் சமையலுக்கும் கைமாற்றாக வாங்கிய தொகை ஏறத்தாழ அவ்வளவுதான். மகளும் அவ்வண்டியில் புறப்படுவாள்; கடனும் தீரும். வேறென்ன வேண்டும்? காலையில் ஒப்புக்கொள்ளும் எண்ணத்துடனேயே எழுந்தோம்.

ஆயினும் முன்பணம் கொடுக்குமுன் அத்தா காலத்திலிருந்து பழகிய மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. எல்லைக்கு அப்பால் விழுப்புரம் சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு டிங்கர் வேலையும் வண்ண வேலையும் செய்பவர் அவர். வந்தார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். வண்டியைச் சுற்றி அங்கங்கே அதை ஒட்டிப் பார்த்தார். கூரையில் பற்றியது, டிக்கியில் பற்றியது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்குக் கீழே வைத்தார், பற்றவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தார், அங்கும் பற்றவில்லை. கைவிட்டதும் கீழே விழுந்தது.

"பாய், இது தகடு இல்லை, பட்டி" என்றார்.

தச்சர் மரத்தின் பள்ளத்தை நிரப்புவது போல, வண்ணம் பூசுவோர் தகட்டின் பள்ளங்களை நிரப்பப் பயன்படுத்தும் பசையே பட்டி. மெல்லியதாகப் பூசினால் குற்றமில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது வெடிக்கும். ஈரத்தை உறிஞ்சி அடியிலுள்ள இரும்பை ஓசையின்றி அரிக்கும். மேஸ்திரி உளியால் மெல்லத் தட்டினார். விரற்கடைப் பருமனில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் இரும்பே இல்லை. செந்தூளும், உள்ளே வைத்து அடைக்கப்பட்டிருந்த சாக்குத் துணியும் இருந்தன. தரை விரிப்பைத் தூக்கினோம். ஓட்டுநரின் காலடியில் வாசல் மண் தெரிந்தது.

நாம் அதிர்ந்தது துருவைக் கண்டன்று. இப்பட்டி எப்போது வைக்கப்பட்டது என்று நமக்குத் தெரியும். 1998-இல் நம் அக்காவின் நிக்காஹுக்காக அத்தா இவ்வண்டிக்கு மறுவண்ணம் பூசினார்கள். அன்று அது முத்தாகப் பளபளத்ததும், ஊரார் புகழ்ந்ததும் நம் கண்முன் நிற்கின்றன. கணக்கில் கால் ரூபாய் தவறினாலும் வாடிக்கையாளரின் வீடு தேடிச் சென்று கொடுத்த அத்தாவா இப்படி மூடி மறைத்தார்கள்?

பெட்டியிலிருந்து அந்தக் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினோம். 1998-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அத்தாவின் சாய்ந்த கையெழுத்தில் வண்ணத்துக்கான செலவுகள் வரிசையாக இருந்தன. கடைசி வரி இது: 'தரைத்தகடு, சட்டம் வேலை – பிறகு.' எதிரே தொகை இல்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், ஆண்டுதோறும் புரட்டினோம். கடையின் நட்டம், அம்மாவின் கண் அறுவை, நம் படிப்பு எல்லாம் இருந்தன. தரைத்தகடு வேலை மட்டும் எங்குமில்லை. அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

அத்தா யாரையும் ஏமாற்றவில்லை. கையில் இருந்த பணத்துக்கு வெளிப்பூச்சை முதலில் செய்து, உள்வேலையை ஒத்தி வைத்தார்கள், அவ்வளவே. மகளைப் பெற்ற எந்தத் தந்தையும் செய்யக்கூடியதுதான். ஆனால் ஒத்தி வைத்த வேலை சும்மா இருக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் பட்டிக்கு அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே வந்திருக்கிறது. அத்தகைய தரைத்தகட்டின் மேல்தான் அத்தனை நோயாளிகளும் பயணம் செய்திருக்கிறார்கள் என்று எண்ணியபோது உடல் நடுங்கிற்று. இறைவன் காத்தான் என்பதன்றி வேறு சொல்ல இயலவில்லை.

இப்போது அதே நோட்டு நம் கையில். அதே கேள்வி நம் முன்னே. தரகர் சொன்ன 28,000 ரூபாய் வேலை என்ன என்பதும் விளங்கியது. பழைய பட்டியின் மேல் புதுப்பட்டி; அதன்மேல் கண்ணாடிப் பூச்சு; பிறகு முன்பின் அறியாத ஒருவரின் தலையில் கட்டுவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை வாசகர்கள் அறிவார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூற, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் கேட்டார்கள். சிறு வயதில் மதரஸாவில் கேட்ட அச்செய்தியின் பொருள், காந்தம் பற்றாமல் கீழே விழுந்த அன்றுதான் நமக்கு முழுமையாக உறைத்தது.

மேஸ்திரி தெளிவாகச் சொன்னார்: "நாற்பதாயிரத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும் பாய். அடியைச் சரி செய்யலாம். இல்லை, மேலே பளபளப்பாக்கலாம். அடியைச் சரி செய்தால் மேலே சுமாராகத்தான் வரும்."

வீட்டில் பேசினோம். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று துணைவியார் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நமக்கும் இருந்தது. மகள்தான் முடித்து வைத்தாள்: "நன்னாவின் வண்டி வேண்டும் என்றுதானே அத்தா கேட்டேன், புது வண்டி வேண்டும் என்று கேட்கவில்லையே!"

பிப்ரவரியில் வேலை தொடங்கிற்று. புதுவைப் பக்கத்தில் வண்ண வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி, பங்குனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காற்றில் ஈரம் குறைந்திருக்கும். முதலில் பெட்ரோல் தொட்டியையும் பாட்டரியையும் கழற்றி அப்புறப்படுத்தினார் மேஸ்திரி. துருவேறிய பகுதிகளை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்தார். பதினெட்டாம் கேஜ் தகட்டை அளந்து வெட்டி, வளைத்து, பற்றவைத்தார். பத்து நாட்கள் இவ்வேலையே நடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வண்டி முன்னிருந்ததைவிட அலங்கோலமாகவே காட்சியளித்தது. வழியில் போவோர் இரக்கத்துடன் விசாரித்துச் சென்றனர்.

கதவுகளின் அடிவிளிம்பில் தொழிற்சாலையிலேயே சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் அவற்றின் வழியே வெளியேற வேண்டும். 1998-இல் பட்டியும் பூச்சும் அத்துளைகளை அடைத்துவிட்டிருந்தன. நீர் உள்ளேயே தேங்கிக் கதவுகளை அரித்திருந்தது. ஒரு கம்பியால் குத்தித் திறந்ததும் பழுப்புச் சேறு ஒழுகிற்று. காசு செலவில்லாத இந்த ஒரு வேலையை இருபத்தாறு ஆண்டுகளாக ஒருவரும் செய்யவில்லை.

கூலியில் மிச்சம் பிடிக்க, உப்புத்தாள் தேய்க்கும் பணியைக் குடும்பத்தார் ஏற்றுக்கொண்டோம். அஸர் தொழுகைக்குப் பின் மஃக்ரிபு வரை நாமும் மகனும், சில நாட்களில் மணப்பெண்ணும். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அத்தூளை மூச்சில் வாங்குவது கேடு. ஆதலால் நீர் விட்டுத் தேய்க்கும் தாளையே பயன்படுத்தினோம். தேய்த்த நீரையும் குழந்தைகள் விளையாடும் இடத்தில் விடவில்லை. முதலில் 220-ஆம் எண், பிறகு 400, பிறகு 600. எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். தேய்க்கத் தேய்க்க வண்டியின் வரலாறு அடுக்கடுக்காக வெளிப்பட்டது. மேலே 1998-இன் வெள்ளை. அதன் கீழே சாம்பல் நிற முதற்பூச்சு. அதற்கும் கீழே தொழிற்சாலையின் பால் நிறம். இரும்பு வெளிப்பட்ட இடங்களுக்கு அன்று மாலைக்குள்ளேயே முதற்பூச்சு அடித்துவிட வேண்டும் என்பது மேஸ்திரியின் கண்டிப்பு. ஓர் இரவுப் பனி போதும், வெறும் இரும்பில் துரு பூத்துவிடும். பூத்த துருவின் மேல் எவ்வளவு உயர்ந்த பூச்சைப் பூசினாலும் அது சில மாதங்களில் கொப்புளித்து எழும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும்; ஆகவே பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

எந்தப் பூச்சு என்ற கேள்வி அடுத்து எழுந்தது. இன்று பட்டறைகளில் மிகுதியாகப் பயன்படுவது, கடினமாக்கும் திரவம் கலந்து அடிக்கும் இருகூறுப் பூச்சு. பளபளப்பும் உறுதியும் அதற்கு மிகுதி. ஆனால் அதில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அதன் நுண்துளி மூச்சில் புகுந்தால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். மூடிய அறையும், வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடியும் அதற்குத் தேவை. மேஸ்திரியிடம் இருந்தவை கீற்றுக் கொட்டகையும் ஒரு பருத்தித் துண்டும்தான். பேச்சுக்கு நடுவே அவர் இருமும் இருமல் ஏற்கெனவே நல்லதாகத் தோன்றவில்லை. நம் மகளின் கல்யாண வண்டி மினுங்குவதற்கு இன்னொரு குடும்பத் தலைவரின் மூச்சை விலையாகக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

ஆகவே பழைய வழியான டூகோ பூச்சையே தேர்ந்தோம். டூகோ என்பது 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் வெளியிட்ட நைட்ரோசெல்லுலோஸ் பூச்சின் பெயர். அதற்கு முன் கார்களுக்குத் தூரிகையால் பல அடுக்கு வார்னிஷ் பூசி, அவை காய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம் மாடல் டி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்தார் என்பதை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சில நிமிடங்களில் காயும் டூகோ வந்தபின் காத்திருப்பு சுருங்கிற்று, நிறங்கள் பெருகின. விரைவில் காய்வதால் திறந்தவெளியிலும் தூசி அதிகம் ஒட்டாது. அடித்தவுடன் மங்கலாகத்தான் இருக்கும். தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பைக் கொண்டுவர வேண்டும். தேய்க்கும் கைகள் நம் வீட்டில் இருந்தன. இதன் தின்னர் ஆவியும் தீங்கானதே. அதற்குக் கரித்தூள் வடிகட்டி உள்ள முகமூடி போதும் என்று அறிந்து, 1,500 ரூபாயில் ஒன்று வாங்கிக் கொடுத்தோம்.

ஒருநாள் வேலையை விரைந்து முடிக்கும் ஆவலில் பனி விலகுமுன்பே ஒரு மட்கார்டுக்குப் பூச்சடித்தார் மேஸ்திரி. கண்ணெதிரே அது மூடுபனி படர்ந்தாற்போல் வெளிறிப் போயிற்று. தின்னர் ஆவியாகும்போது தகட்டைக் குளிரச் செய்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து பூச்சினுள் சிக்கிக்கொள்கிறது. அதைத் தேய்த்தெடுத்து, மறுநாள் வெயில் ஏறிய பிறகு மீண்டும் அடித்தார். "அவசரப்பட்டது நான், தண்டனை உங்கள் கைக்கு" என்று சிரித்தார். மேஸ்திரியின் வாயிலிருந்து வந்த உண்மை அது, தேய்த்தவர்கள் நாமல்லவா!

நிறத்தை மாற்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறமும் பதிவாகியிருப்பதால், மாற்றினால் அலுவலகத்தில் அறிவித்துத் திருத்த வேண்டும். நமக்கும் அத்தாவின் பால் நிறமே போதுமானதாக இருந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். தகடு, பற்றவைப்பு, டிங்கர் கூலி 17,500, முதற்பூச்சு, பட்டி, உப்புத்தாள், தின்னர் 6,200, நிறப்பூச்சு 4,800, வண்ணக் கூலி 8,000, முகமூடி 1,500, கதவுகளுக்கான ரப்பர் 1,400. மொத்தம் 39,400 ரூபாய். அதாவது முதல் பெருந்தொகை முழுவதும் ஒருவர் கண்ணிலும் படாத இடத்துக்கே போயிற்று.

வண்டி எப்படி இருந்தது? தூரத்தில் நின்று பார்த்தால் அழகாகவே இருந்தது. அருகில் வந்தால் குறை தெரியும். கூரையின் ஒரு மூலையில் நம் மகன் அளவுக்கு மீறித் தேய்த்துச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. பம்பரின் முலாம் புள்ளி விழுந்தபடியே இருந்தது, அதற்குப் பணமில்லை. நிக்காஹ் நாளில் மல்லிகைச் சரம் சுற்றி வாசலில் நிறுத்தினோம். உறவினர் ஒருவர் பம்பரைத் தடவிப் பார்த்து, "இதையும் சேர்த்துச் செய்திருக்கலாமே" என்றார். மாப்பிள்ளையின் தந்தையார் மட்டும் ஓட்டுநர் கதவைத் திறந்து, காலால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்கள். "புதுத்தகடா?" என்று கேட்டார்கள். ஆம் என்றோம். வேறொன்றும் சொல்லாமல் தலையசைத்தார்கள். இளமையில் லாரி ஓட்டியவர்கள் அவர்கள். அந்தத் தலையசைப்பு நமக்குப் போதுமாயிருந்தது.

கல்யாணம் முடிந்த மறுமாதமே தரகர் ஓர் ஆளுடன் வந்தார். கடன் இன்னும் நின்றது. விற்கும் எண்ணமும் நமக்கு இருந்தது. வந்தவரிடம் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினோம்: துரு, சாக்குத் துணி, வெட்டிய இடம், புதுத்தகடு. தரகர் நம்மைப் பார்த்த பார்வையை மறக்க இயலாது. படங்களைக் கண்டதும் வந்தவரின் முகம் மாறிற்று. எண்பதாயிரம் என்றார். சரிசெய்யப்பட்ட வண்டி என்பது அவர் செவியில் ஏறவில்லை. துருவேறியிருந்த வண்டி என்பது மட்டும் ஏறிற்று. கொடுக்க மனமில்லாமல் அனுப்பிவிட்டோம். உண்மை பேசினால் உடனே இலாபம் வரும் என்று கதை சொல்வதற்கில்லை, நமக்கு வரவில்லை. கடனை ஓராண்டில் சிறுகச் சிறுக அடைத்தோம். ஆனால் அந்த ஓராண்டில் ஒருநாளும் வேறெவருடைய தரைத்தகட்டை நினைத்தும் உறக்கம் கெடவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் பல நீரில் மிதந்தன. நம் வாசலிலும் கணுக்காலுக்கு மேல் நீர் நின்றது. மூன்றாம் நாள் நீர் வடிந்தபின் அண்டைவீட்டு மூதாட்டி மூச்சுத் திணறுகிறது என்று சொல்லியனுப்பினார்கள். வண்டியைத் திறந்தோம். கதவுகளின் துளைகள் வழியே நீர் ஒழுகி வெளியேறியிருந்தது. தரைத்தகடு உறுதியாக இருந்தது. முன்கண்ணாடியின் பழைய ரப்பர் வழியே மட்டும் நீர் இறங்கி விரிப்பை நனைத்திருந்தது. நாம் பணமில்லாமல் விட்டது அது. மூதாட்டியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனை சேர்ந்தோம். அல்லாஹ்வின் அருளால் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்கள்.

அன்றிரவு அத்தாவின் நோட்டை எடுத்தோம். 1998-ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருந்த அந்தக் கடைசி வரியின் எதிரே, '2024 மாசி – முடிந்தது, ரூ.17,500' என்று எழுதினோம். மகன் செலுத்த வேண்டிய கடன் ஒன்று தீர்ந்தது போல் இருந்தது. புதிய பக்கத்தில், 'முன்கண்ணாடி ரப்பர்' என்று எழுதியதும் கை பழக்கத்தால் 'பி' என்று தொடங்கிவிட்டது. அதை அடித்துவிட்டு, 'ஜனவரி 15-க்குள்' என்று எழுதினோம்.

ஜனவரி 11-ஆம் நாள் அந்த வரியையும் கோடிட்டு அடித்தோம். பம்பர் இன்னும் புள்ளி விழுந்தபடியேதான் இருக்கிறது. அது காத்திருக்கலாம்.